184 கிலோமீட்டர்

திருச்சி விமான நிலையத்திலிருந்து சென்னை நேர்கோட்டில் 295 கிலோமீட்டர் இருக்கும். யாழ்ப்பாணத்துப் பலாலி 184 கிலோமீட்டர்தான். எங்கள் ஊருக்குத் தலைநகரைவிடப் பக்கம் பலாலி. ஆனாலும் நெடுங்காலம் அங்கே போக வேண்டுமானால், முதலில் கொழும்புக்குப் பறந்து, பிறகு இரவெல்லாம் பஸ்ஸில் வடக்கு நோக்கி வர வேண்டும். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 800 கிலோமீட்டர்.

முன்பு இப்படி இல்லை. 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானமே கொழும்பை அடுத்த இரத்மலானையில் கிளம்பி, பலாலியை ஒட்டிய காங்கேசன்துறையில் இறங்கி, சென்னைக்கு வந்தது. பிறகு போர் வந்து வானத்தையும் மூடியது. 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகி, சென்னையிலிருந்து விமானம் போனது; சில மாதங்களில் கொரோனா அதையும் நிறுத்தியது. 2022 டிசம்பரில்தான் மறுபடி பறந்தது. திருச்சியின் முறை 2025 மார்ச் கடைசியில் வந்தது.

பலாலியில் ஓடுபாதை நீளம் குறைவு. அதனால் ஏடிஆர் என்ற காற்றாடி விமானம். மூட்டை முடிச்சுகளை முன்பக்கம், விமானி அறைக்குப் பின்னால் ஏற்றுவார்கள். ஆட்கள் வால்பக்கத்துக் கதவால் ஏற வேண்டும். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால் 184 கிலோமீட்டருக்கு இருபத்திரண்டு நிமிடம் போதும். அட்டவணையிலோ ஒரு மணி நேரத்தை ஒட்டிப் போட்டிருப்பார்கள். அதில் தவறில்லை. விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து அந்தப் பக்கம் போய் நிற்பதுவரை உள்ள நேரம் அது. ஓடுபாதை முனைவரை ஊர்ந்து போக வேண்டும், மேலே ஏற வேண்டும், காற்றின் போக்குக்கு ஏற்பச் சுற்றி வந்து இறங்க வேண்டும். இவ்வளவு குறுகிய வழியில், ஏறி முடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்கும் வேலை தொடங்கிவிடுகிறது. முழு வேகத்தில் பறக்கும் நேரம் சொற்பம்.

இந்தத் தடத்தை லாபக் கணக்கால் மட்டும் அளக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். வைத்தியத்துக்கு வரும் வயோதிகர், கல்யாணச் சேலை எடுக்க வரும் குடும்பம், சமயபுரம் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் என எல்லாருக்கும் ஓர் இரவுப் பஸ் பயணம் மிச்சமாகிறது. எழுபது வயது முழங்காலுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம்!

ஆனால் திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே கொட்டப்பட்டு முகாம் இருக்கிறது. போருக்குத் தப்பிப் படகில் வந்த இலங்கைத் தமிழர்கள் பல ஆண்டுகளாக அங்கே வாழ்கிறார்கள். அங்கேயே பிறந்து, பிள்ளை பெற்றவர்களும் உண்டு. பலாலி விமானம் மேலேறும் சத்தம் அவர்கள் வீட்டு முற்றத்தில் கேட்கும். அதில் ஏற இலங்கைக் கடவுச்சீட்டு வேண்டும், இந்திய அரசின் வெளியேறும் அனுமதியும் வேண்டும். இலங்கைத் துணைத் தூதரகம் இருப்பதோ சென்னையில். 184 கிலோமீட்டர் தென்கிழக்கே போக, 300 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே பஸ் ஏறிப் போய்க் காத்திருக்க வேண்டும். ஒரு தாள் குறைந்தாலும் மறுபடி போக வேண்டும். தினக்கூலிக்குப் போகிறவர்களுக்கு ஒவ்வொரு நடையும் சம்பள இழப்பு. விமானம் விட இரண்டு அரசுகளாலும் முடிந்திருக்கிறது. முகாமில் இருப்பவர்களின் கடவுச்சீட்டு வேலையையும் அனுமதி வேலையையும், எப்போதாவது என்றில்லாமல் மாதந்தவறாமல், அதிகாரிகள் திருச்சிக்கே வந்து முடித்துக் கொடுக்க வேண்டும்.