குளிர் காயும் துண்டுகள்!

ஐப்பசி அடைமழையில் கொடியில் போட்ட துண்டு மூன்று நாளானாலும் காயாது. எடுத்து முகம் துடைக்கப் போனால் குப்பென்று வாடை அடிக்கும். இங்கிலாந்தில் குளிர்காலம் முழுவதுமே கிட்டத்தட்ட இந்தக் கதைதான். டிசம்பர் மாதத்தில் லண்டனில் காலை 8 மணிக்கு எழும் சூரியன், மாலை 4 மணிக்கு முன்பே மறைந்துவிடும். நடுவிலும் பாதி நாள் மேகமூட்டம்தான். பிறகு துண்டு எப்படிக் காயும்?

அதனால் அங்கே பல வீடுகளில் குளியலறைச் சுவரில் ஏணி போல ஒரு கம்பிச் சட்டம் இருக்கும். 'ஹீட்டட் டவல் ரெயில்' என்பார்கள். சில வீடுகளில் பாய்லரில் இருந்து வரும் வெந்நீர் அந்தக் குழாய்களுக்குள் ஓடும். சில வீடுகளில் மின்சாரம் சூடாக்கும். குளித்துவிட்டுத் துண்டை அதில் விரித்துப் போட்டால், அது சுகமாகக் குளிர் காயும்!

"துண்டுக்குக்கூட ஹீட்டரா? ஆடம்பரம்!" என்று கேலி செய்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஈரத் துண்டில் கிருமிகளும் பூஞ்சையும் குடியேறும். நன்றாகக் காய்ந்தால் அதே துண்டை இன்னும் ஓரிரு நாள் பயன்படுத்தலாம். துவைக்கும் வேலையும் தண்ணீரும் மிச்சம்.

ஆனால், நாள் முழுவதும் அதை எரியவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வாருங்கள், கணக்குப் போடுவோம். 100 வாட் கம்பி ஒன்று 24 மணி நேரமும் ஓடினால் ஒரு நாளைக்கு 2.4 யூனிட்; 30 நாளைக்கு 72 யூனிட். குளித்த பிறகு 2 மணி நேரம் மட்டும் ஓடினால்? மாதத்துக்கு வெறும் 6 யூனிட்! 2025-இல் பிரிட்டனில் ஒரு யூனிட் சுமார் 26 பென்ஸ். முதல் கணக்குக்கு 18 பவுண்டுக்கு மேல், இரண்டாவதற்கு ஒன்றரைப் பவுண்டு. ஒரு டைமர் வைத்தால் போதும், தானே அணைந்துவிடும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தோன்றுவதே இல்லை. துண்டு காய்ந்துவிட்டது, சரி. அதிலிருந்த தண்ணீர் எங்கே போனது? ஆவியாகி அறைக்குள்தான் சுற்றும். குளிருக்குப் பயந்து ஜன்னலை இறுக மூடியிருப்பார்கள் அல்லவா? ஆவி குளிர்ந்த சுவரைத் தொட்டதும் மறுபடி நீராகிவிடும். சுவர் ஈரமானால் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை படரும்.

அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற 2 வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்துபோனான். வீட்டில் படர்ந்திருந்த பூஞ்சையை நீண்ட நாள் சுவாசித்ததே காரணம் என்று 2022-இல் விசாரணை அதிகாரி அறிவித்தார். அவனுடைய பெற்றோர் முன்பே புகார் செய்திருந்தார்கள். வீட்டை வாடகைக்கு விட்டவர்கள் சரிசெய்யவில்லை. அந்தக் குழந்தையின் பெயரிலேயே ஒரு சட்டம் வந்து, 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஈரம், பூஞ்சை என்று புகார் வந்தால் இங்கிலாந்தின் சமூகக் குடியிருப்புகளின் உரிமையாளர்கள் குறித்த காலத்துக்குள் கவனித்தாக வேண்டும்.

எனவே கம்பியைச் சூடாக்கும்போதே எக்ஸாஸ்ட் ஃபேனையும் போட வேண்டும். ஃபேன் இல்லையா? ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு குளிரைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்!

ஒரு கம்பியில் வீட்டிலுள்ள எல்லாருடைய சட்டை, கால்சட்டையையும் அடுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அத்தனை ஈரமும் அறைக்குள்தானே இறங்கும்? துண்டையும் நாலாக மடித்துப் போட்டால் வெளிப்பக்கம் காய்ந்து, உள்பக்கம் ஈரமாகவே இருக்கும். ஒற்றையாக விரித்துப் போடுங்கள். உங்கள் மாமாவோ சித்தியோ லண்டனில் இருந்தால், அடுத்த முறை போனில் பேசும்போது அவர்கள் வீட்டுக் கம்பி எத்தனை வாட், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது என்று கேட்டுக் கணக்குப் போட்டுச் சொல்லுங்களேன்!