சங்கீதம் ஜெயித்ததாம்!

1913 மே 29 இரவு, தியாகிலெவின் ரஷ்ய பாலே குழு பாரிஸில் 'வசந்தச் சடங்கு' என்ற நாட்டியத்தை அரங்கேற்றியபோது நடந்த ரகளையைப் பற்றி எழுதாதவர் இல்லை. எழுதுகிறவர்கள் ஒரு தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள்: ஸ்ட்ராவின்ஸ்கியின் சங்கீதம் ஜெயித்தது, நிஜின்ஸ்கியின் நாட்டியம் தோற்றது. எனக்குச் சம்மதமில்லை.

சபையின் கூச்சலில் ஆடுகிறவர்களுக்கு வாத்தியமே காதில் விழவில்லை. பக்கத் திரை மறைவில் நாற்காலிமேல் ஏறி நின்று நிஜின்ஸ்கி எண்ணிக்கையைக் கத்தினார். தாளமோ பல இடங்களில் ஆவர்த்தத்துக்கு ஆவர்த்தம் மாறுவது. அதைக் கால்களில் ஏற்றுவதற்கென்றே மேரி ராம்பெர்ட் என்ற பெண்மணியை அமர்த்தியிருந்தார்கள். ஆட்டக்காரர்கள் அவருக்கு 'ரித்மிச்கா' என்று பட்டம் கட்டினார்கள். தாளக்குட்டி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பத்துத் தடவைகூட மேடை ஏறாமல் அந்த நாட்டியம் நின்றது. நிஜின்ஸ்கியையும் அதே வருஷம் குழுவிலிருந்து விலக்கினார்கள். மறு வருஷம் சங்கீதம் மட்டும் பாரிஸ் கச்சேரியில் கொண்டாடப்பட்டது. ஆகாதா பின்னே? சங்கீதம் காகிதத்தில் இருந்தது. நாட்டியம் கால்களில் இருந்தது. 1920-ல் மறுபடி போட எண்ணியபோது ஒருவருக்கும் அசைவுகள் முழுசாக நினைவில்லை. மாஸீன் புதிதாக அமைத்தார். 1987-ல் அமெரிக்காவின் ஜாஃப்ரி குழு பழைய ஆட்டத்தை மீட்டெடுத்து ஆடியபோது கைகொடுத்தவற்றில் ஒன்று, ராம்பெர்ட் பியானோ ஸ்வரப் பிரதியில் எழுதிவைத்த குறிப்புகள்.