ஈர ஊரில் ஒரு பாலைவனம்

திருவனந்தபுரத்தில் உட்கார்ந்துகொண்டு பாலைவனம் செய்வது சுலபமல்ல. ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர். பீரோவில் வைத்த தோல் பெல்ட்டில்கூடப் பூஞ்சை பூக்கும். ஜெய்சால்மரில் பெய்வதோ சுமார் 200 மில்லிமீட்டர். அந்த மணலில் ஓடிய டாங்கியை மேஜை மேல் கொண்டுவர நினைக்கும் மாடல் பிரியருக்கு, பிறந்த ஊரைப் பார்த்துப் பழகிய கண்ணே முதல் எதிரி.

ராணுவ வாகன மாடல்களில் அதிகம் புழங்குவது அசலில் 35-ல் ஒரு பங்கு அளவு. பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிப் பெயின்ட் அடித்தால் கிடைப்பது தொழிற்சாலையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த டாங்கி. அதன் மேல் வெயிலையும் புழுதியையும் தேய்மானத்தையும் ஏற்றும் வேலைக்குப் பெயர் 'வெதரிங்'.

மணலே முதல் சிக்கல். கோவளத்தில் ஒரு பிடி அள்ளி வந்தால் போதாதா? போதாது. அரை மில்லிமீட்டர் மணலை 35 மடங்கு பெரிதாக்கினால் பதினேழரை மில்லிமீட்டர். அதாவது, டாங்கியைச் சுற்றிக் கோலிக்குண்டுகள் கிடக்கும். கொல்லைச் செம்மண்ணும் உதவாது. தார் மணலின் நிறம் வெளிறிய பழுப்பு. மாவு போன்ற நிறப்பொடிதான் கைகொடுக்கும். அதுவும் ஈரக்காற்றில் கட்டிப்படும். மழை நாளில் ஸ்ப்ரே செய்தால் சில பெயின்ட்டுகள் வெள்ளையாகப் பூத்துவிடும்.

அடுத்தது துரு. கடலோரத்தில் கேட், ஜன்னல் கம்பி, சைக்கிள் எல்லாமே துருப்பிடிக்கும். எனவே பிரஷ் தானாகவே ஆரஞ்சு நிறத்தைத் தேடிப் போகிறது. வறண்ட காற்றில் இரும்பு மெதுவாகத்தான் துருப்பிடிக்கும். ஓடும் டாங்கியின் சங்கிலிப் பட்டையை மணலே தேய்த்துப் பளபளப்பாக்கும். பெயின்ட் உதிர்ந்த இடத்தில் பெரும்பாலும் தெரிவது அடியில் இருக்கும் பெயின்ட். 1941-ல் ரோம்மெலின் படை லிபியாவில் இறங்கியபோது அதன் டாங்கிகள் ஐரோப்பாவுக்கான கருஞ்சாம்பல் நிறத்தில் இருந்தன. மணல் நிறம் பிறகுதான் மேலே ஏறியது. அதைக் காட்ட ஒரு வழி: சாம்பல் நிறம் அடித்து, அதன் மேல் ஹேர் ஸ்ப்ரே, அதற்கும் மேல் மணல் நிறம். பிறகு ஈர பிரஷ்ஷால் ஓரங்களைத் தேய்த்தால் உள்ளிருக்கும் சாம்பல் எட்டிப் பார்க்கும்.

புழுதிக்கும் காரணம் வேண்டும். வீரர்கள் ஏறி இறங்கும் இடத்தில் அது கலைந்திருக்கும். எரிபொருள் மூடியைச் சுற்றி எண்ணெயோடு சேர்ந்து கறுத்திருக்கும்.

அருங்காட்சியக டாங்கியைப் பார்த்து இதையெல்லாம் கற்க முடியாது. அங்கே தெரிவது பராமரிப்பாளரின் புதுப் பெயின்ட். பழைய புகைப்படங்களே நல்ல ஆசான். 1971 டிசம்பர் 5 காலை, ராஜஸ்தானின் லோங்கேவாலாவில் பாகிஸ்தானின் டி-59 டாங்கிகளை இந்திய விமானப்படையின் ஹன்ட்டர் விமானங்கள் விரட்டின. மேலிருந்து எடுத்த படங்களில் மணலெங்கும் வளைந்து நெளியும் சங்கிலித் தடங்கள் தெரிகின்றன. ஒளிய ஒரு மரம்கூட இல்லாத வெளியில், குண்டுக்குத் தப்ப டாங்கியைத் திருப்பித் திருப்பி ஓட்டிய மனிதர்களின் தடங்கள் அவை.

அந்தக் காலையை மேஜை மேல் வைப்பவர் துருவைப் பூசினால், டாங்கி எப்போதோ கைவிடப்பட்ட பழைய இரும்பாகிவிடும். புழுதியையும் தடத்தையும் சரியாக வைத்தால், உள்ளே ஆள் இருப்பது தெரியும்.

பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூட வேண்டியதுதான். ஜூன் வந்தால் திருவனந்தபுரம் சும்மா இருக்காது.