ஓட்டக் குழுவுக்கு ஏற்ற தோட்ட வேலை எது?

கேள்வி: “எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் பெற்றோர்கள் சேர்ந்து காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறோம். காவலர் தேர்வுக்காகத் தினமும் காலையில் ஓடும் இளைஞர்கள் 15 பேர், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உதவுவதாகச் சொல்கிறார்கள். ஒருமுறை வந்தபோது, களையோடு கத்திரி நாற்றையும் பிடுங்கிவிட்டார்கள். பாத்தியும் மிதிபட்டுப் போனது. வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. இங்கிலாந்தில் ஓட்டக் குழுவினர் பொதுத் தோட்டங்களில் வேலை செய்கிறார்களாமே, அங்கே எப்படிச் சமாளிக்கிறார்கள்?”

- ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: நீங்கள் கேள்விப்பட்ட அமைப்பின் பெயர் ‘குட்ஜிம்’. 2009-ம் ஆண்டு, லண்டனின் கிழக்குப் பகுதியில் ஐவோ கோர்ம்லி என்பவர் தொடங்கியது. உடற்பயிற்சிக் கூடத்தில் செலவாகும் உழைப்பை ஊருக்குப் பயன்படுமாறு திருப்பலாமே என்பதுதான் அடிப்படை யோசனை. இப்போது பிரிட்டனின் பல நகரங்களில் செயல்படுகிறது.

வாரத்தில் ஒரு நாள் மாலை, வேலை முடிந்து வருபவர்கள் ஓரிடத்தில் கூடுகிறார்கள். அங்கிருந்து சில கிலோமீட்டர் ஓடி, ஒரு பொதுத் தோட்டத்துக்கோ பள்ளிக்கோ பூங்காவுக்கோ போகிறார்கள். அரை மணி, முக்கால் மணி நேரம் வேலை செய்துவிட்டு, மறுபடியும் ஓடித் திரும்புகிறார்கள். இதே அமைப்பில், தனியாக வசிக்கும் முதியவரின் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பேசிவிட்டு வருவதும் உண்டு. அந்த முதியவரை ‘பயிற்சியாளர்’ என்று அழைத்ததும் உண்டு. ‘அவர் காத்திருப்பாரே’ என்ற நினைப்புதான் ஓடுபவரைச் சோம்பலில்லாமல் கிளப்பிவிடுகிறது.

நகரத்துப் பொதுத் தோட்டங்களை ஆண்டு முழுக்கப் பார்த்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் சிலர்தான். அவர்களில் வயதானவர்களும் உண்டு. விதைப்பது, தண்ணீர் ஊற்றுவது, பூச்சியைக் கவனிப்பது எல்லாம் அவர்களால் முடியும். கனமான வேலை வந்தால்தான் தேங்கிவிடும். உதாரணமாக, வாசலில் 4 கன மீட்டர் மரச்சில்லு கொட்டிக்கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 80 லிட்டர் பிடிக்கும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் அள்ளினால் 50 நடை. நடைக்கு 5 நிமிடம் என்றாலும், ஒருவருக்கு 4 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இடுப்பும் விட்டுப்போகும். அதே வேலைக்கு 15 பேரும் 5 தள்ளுவண்டிகளும் இருந்து, சிலர் அள்ள, சிலர் தள்ள, சிலர் பரப்ப என்று பிரித்துக்கொண்டால், முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. பல கைகள் கொஞ்ச நேரம் மட்டும் கிடைக்கும்போது, கனமான, பிரித்துச் செய்யக்கூடிய, அன்றைக்கே முடியக்கூடிய வேலையைத்தான் கொடுக்க வேண்டும். மூடாக்குப் பரப்புவது, மட்கு எருக் குவியலைப் புரட்டிப் போடுவது, பாதை போடுவது, முள்புதரை வெட்டுவது, இலை உதிர்த்து உறங்கும் மரக்கன்றுகளைக் குளிர்காலத்தில் நடுவது எல்லாம் இந்த வகை. அப்போதும் தோட்டத்தை அறிந்த ஒருவர் கூடவே நிற்க வேண்டும். மரச்சில்லை மண்ணின் மேலேதான் பரப்ப வேண்டும். மண்ணோடு கலந்துவிட்டால், அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், பயிர் வெளுத்துப்போகும். மரத்தின் அடித்தண்டை ஒட்டிக் குவிக்கவும் கூடாது. ஈரம் தங்கிப் பட்டை அழுகும்.

களையெடுப்பு அப்படியல்ல. எது பயிர், எது களை என்று கண் பழக வேண்டும். இங்கிலாந்துத் தோட்டங்களில் ‘பைண்ட்வீட்’ என்ற கொடிக் களை பெரிய தொல்லை. அதன் வேர் துண்டானால் ஒவ்வொரு துண்டும் முளைக்கும். நம் ஊர்க் கோரையின் கிழங்கு மண்ணுக்குள் தங்கினால் மறுபடியும் கிளம்புவதைப் போலத்தான். அவசரமாகப் பிடுங்கினால், களை குறையாமல் பெருகும். லண்டன் களிமண் பூமி வேறு. மழை ஈரத்தில் 15 பேர் பாத்திக்குள் நடந்தால் மண் இறுகி, காற்றும் தண்ணீரும் இறங்காது. அப்படிப்பட்ட மண்ணில், நடக்கும் இடத்தில் பலகை போட்டுக்கொள்வது தோட்டக்காரர்களின் வழக்கம்.

உங்கள் இளைஞர்கள் மேல் தவறில்லை. அவர்களுக்குக் கொடுத்த வேலைதான் பொருந்தவில்லை. இனி இப்படிச் செய்து பாருங்கள்.

• என்ன வேலை என்பதைச் சனிக்கிழமையே முடிவு செய்யுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வேலை போதும்.

• மண்வெட்டி, கூடை, தட்டு எத்தனை இருக்கின்றன என்று எண்ணிவையுங்கள். 15 பேருக்கு 3 மண்வெட்டி என்றால் 12 பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள்.

• நடக்கும் பாதையையும் பாத்தியையும் கயிறு கட்டிப் பிரித்துவிடுங்கள்.

• முதல் 5 நிமிடம் ஒருவர் செய்து காட்டட்டும்.

• குடிதண்ணீர், கை கழுவ இடம், காயத்துக்கு மருந்து தயாராக இருக்கட்டும்.

எருக் குவியலைப் புரட்டுவது, காய்ந்த இலையையும் சருகையும் மூடாக்காகப் பரப்புவது, மரக்கன்றுக்குக் குழி எடுப்பது, வேலி கட்டுவது என 4 ஞாயிற்றுக்கிழமைகளுக்கு இப்போதே வேலை இருக்கிறது. தினசரித் தண்ணீரையும் களையெடுப்பையும் அவர்களை நம்பி விட்டுவிடாதீர்கள். தேர்வு நெருங்கினால் அவர்களால் வர முடியாது. அந்தப் பொறுப்பு பெற்றோர் குழுவிடமே இருக்கட்டும். இளைஞர்களில் இரண்டு பேருக்குப் பயிர் மேல் ஆர்வம் இருந்தால், கத்திரிப் பாத்திக்கு அழைத்துப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்துக் களையெடுக்கக் கற்றுக்கொடுங்கள்.