வந்த கடிதம் எங்கே போயிற்று?

சர்வகலாசாலை அனுமதிக்கு விண்ணப்பித்த மாணவன் ஒருவன், மறுமொழியை எதிர்பார்த்து நாடோறும் தன் மின்னஞ்சற் பெட்டியைத் திறந்து பார்க்கிறான். லொத்தரிற் கோடி ரூபா விழுந்திருப்பதாகக் கூறும் கடிதம் வந்திருக்கிறது. வழுக்கைத் தலையில் மயிர் வளர்க்கும் தைலத்தின் விளம்பரமும் வந்திருக்கிறது. அவன் காத்திருந்த கடிதம் மாத்திரம் வரவில்லை. தவணை கடந்த பின்னர் விசாரித்தால், "நாங்கள் அன்றே அனுப்பிவிட்டோமே!" என்று பதில் கிடைக்கிறது. இத்தகைய முறைப்பாடு இன்று எத்தனையோ குடும்பங்களிற் கேட்பதொன்றாகும்.

அக்கடிதம் பெரும்பாலும் வழியில் தொலைந்திருக்கமாட்டாது. அவனுடைய பாடசாலையிலோ கந்தோரிலோ அஞ்சல்களை ஏற்று உரியவர் பெட்டியிற் சேர்ப்பிக்கும் கணினி ஒன்று உண்டு. சேவையகம் என்பது அதன் பெயர். அதன் வாசலில் ஒரு வடிகட்டி மென்பொருள் காவல் நிற்கிறது. அக்காவலாளி இழைக்கக்கூடிய தவறு இரண்டு. குப்பையை உள்ளே விடுதல் ஒன்று. நல்ல கடிதத்தைக் குப்பையென்று தள்ளுதல் மற்றொன்று. முன்னையது எரிச்சல் தருவது. பின்னையது ஒருவனுடைய ஓராண்டை விழுங்கக்கூடியது. இவ்விரண்டையும் சமமென்று எண்ணி வடிகட்டியை அமைப்பவர்களே நாட்டில் அதிகம் என்பது எமது எண்ணம்.

கேளாமலே வந்து குவியும் இக்கடிதங்களுக்கு ஸ்பாம் என்று பெயர். தகரத்தில் அடைத்து விற்கப்படும் இறைச்சியொன்றின் பெயர் அது. மொன்ரி பைத்தன் என்னும் ஆங்கில நகைச்சுவைக் குழுவினர் 1970இல் நடித்த காட்சியொன்றில், உணவுச்சாலைப் பட்டியல் எங்கும் அவ்விறைச்சியே நிறைந்து பிறர் பேச்சையும் அமுக்கிவிடும். பெயர் பின்னர் வந்ததாயினும் நோய் முந்தியது. 1978 மே மாதத்தில், டிஜிற்றல் எக்குயிப்மென்ற் என்னும் அமெரிக்கக் கம்பனியின் விற்பனை அலுவலர் கரி தேர்க், புதிய கணினிகளைப் பற்றிய ஒரே விளம்பரத்தை அக்காலத்து ஆர்ப்பாநெற் வலையில் ஏறக்குறைய 400 பேருக்கு அனுப்பினார்.

இன்று பல சேவையகங்களிற் காவல் புரிவது ஸ்பாம் அசாசின் என்னும் இலவச மென்பொருளாகும். ஜஸ்ரின் மேசன் என்பவர் 2001இல் வெளியிட்ட இஃது, 2004 முதல் அப்பாச்சி மென்பொருள் நிறுவனத்தைச் சார்ந்துள்ளது. பரீட்சகர் விடைத்தாள் திருத்துவது போலவே இதுவும் வேலை செய்கிறது. ஆனால் இங்கே புள்ளி கூடினாற் சித்தியில்லை, தண்டனை! அனுப்பிய கணினி கறுப்புப் பட்டியலில் உள்ளதா, கடிதத்தின் திகதி பொருத்தமானதா, பணம் தருவதாக ஆசை காட்டுகிறதா என்றவாறு நூற்றுக்கணக்கான சோதனைகள் நடைபெறும். ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய புள்ளி கூட்டப்படும். நற்குறி தென்பட்டாற் கழிக்கப்படும். கூட்டுத்தொகை 5ஐ எட்டினாற் கடிதம் குப்பையென முத்திரையிடப்படும். வாசகர்கள் கவனிக்கவேண்டியது யாதெனின், எந்தெந்தச் சோதனையால் இப்புள்ளிகள் சேர்ந்தன என்னும் விபரம் கடிதத்தின் மறைவான தலைக்குறிப்பிலே வரிவரியாக எழுதப்பட்டிருக்கும் என்பதே. நல்ல கடிதமொன்று தவறிப் போனால் முதலில் வாசிக்கவேண்டியது அதனைத்தான். அதை வாசியாமல் 5ஐ 8 ஆக்குவதும், பின்னர் குப்பை பெருகியதென்று 3 ஆக்குவதும், நாடி பாராமல் மருந்தை மாற்றும் வைத்தியத்தை ஒத்தன.

இவ்வுண்மையை உலகுக்குப் புலப்படுத்திய சம்பவமொன்று 2010 ஜனவரி முதலாந் திகதி நிகழ்ந்தது. தம் கடிதம் பெட்டியின் உச்சியில் நிற்கவேண்டுமென்று, தொலைவிலுள்ள எதிர்காலத் திகதியை இடுவது குப்பைக்காரரின் தந்திரங்களில் ஒன்று. அதனைப் பிடிப்பதற்காக, 2010 முதல் 2099 வரையான ஆண்டைத் தாங்கி வரும் கடிதங்களுக்குப் புள்ளி சேர்க்கும் விதியொன்று ஸ்பாம் அசாசினில் இருந்தது. எழுதப்பட்ட நாளில் அது நல்ல விதியே. புத்தாண்டு பிறந்ததும் என்ன நடந்திருக்கும்? உலகத்திலே எழுதப்பட்ட நேர்மையான கடிதங்கள் யாவும் 2010 என்னும் திகதியோடு வந்தன. பொதுவான அமைப்பில் அவை ஒவ்வொன்றின்மீதும் மூன்றுக்கு மேற்பட்ட புள்ளி ஏறிற்று. வேறு சிறு குறைகளால் இரண்டு புள்ளி சேர்ந்த வாழ்த்துக் கடிதமும் குப்பையாயிற்று! ஆக்குநர்கள் தம் பட்டறைப் பிரதியில் இப்பிழையை முன்னரே திருத்தியிருந்தனர். ஆனால் வழக்கத்திலிருந்த பதிப்புக்கு அத்திருத்தம் போய்ச் சேரவில்லை. அன்றைய தினமே திருத்திய விதி வெளியிடப்பட்டது. தலைக்குறிப்பை வாசித்தவர்கள் குற்றவாளியின் பெயரை ஒரு நிமிடத்திற் கண்டு, அந்த ஒரு விதியின் புள்ளியைப் பூச்சியமாக்கினர். விதிகளைக் கிரமமாகப் புதுப்பிக்கும் ஏற்பாடில்லாத சேவையகங்களிலோ பழைய விதியே தொடர்ந்து ஆட்சி செய்தது.

கறுப்புப் பட்டியல்களாலும் இவ்வாறு மோசம் நேர்வதுண்டு. ஓ.ஆர்.டி.பி. என்னும் பட்டியற் சேவை 2006 டிசெம்பரில் மூடப்பட்டது. மூடிய பின்னரும் எத்தனையோ சேவையகங்கள் அதனிடம் கேள்வி கேட்டுக்கொண்டேயிருந்தன. 2008 மார்ச்சில், எந்த முகவரியைப் பற்றிக் கேட்டாலும் "ஆம், பட்டியலில் உண்டு" என்றே அது விடையளிக்கத் தொடங்கிற்று. அதை நம்பியிருந்தோர் வந்த கடிதம் அனைத்தையும் மறுத்தனர்.

இனி, கற்றுக்கொள்ளும் வடிகட்டியைப் பற்றிச் சிறிது கூறுவோம். 1761இற் காலமான தோமஸ் பேயிஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் நிகழ்தகவு பற்றி எழுதிவைத்த கட்டுரை, அவர் மறைந்தபின் 1763இல் அச்சேறியது. அவர் வகுத்த வழியாலேயே, ஒரு சொல் குப்பைக் கடிதங்களில் எத்தனை முறை, நல்ல கடிதங்களில் எத்தனை முறை வந்ததென்று எண்ணி, புதிய கடிதத்தின் தன்மையைக் கணிக்கிறார்கள். 2002இற் போல் கிரகாம் எழுதிய கட்டுரையொன்று இம்முறையைப் பரவச் செய்தது. ஸ்பாம் அசாசின் இரு வகையிலும் இருநூறு இருநூறு கடிதங்களையாவது கற்றாலன்றி இக்கணிப்பிலே வாய் திறவாது. எவ்வளவு கற்பித்தும் பயனில்லையே என்று அலுத்துக்கொள்வோர் பலர். நிருவாகியின் கணக்கிலிருந்து பாடம் சொல்லிக்கொடுப்பார்கள். வடிகட்டியோ வேறொரு கணக்கின் பெயரில் இயங்கும். இரண்டுக்கும் நினைவேடு வெவ்வேறு. தமையனுக்குப் பாடம் சொல்லித் தம்பியைப் பரீட்சைக்கு அனுப்பினால் அவன் எவ்வாறு எழுதுவான்?

தமிழில் எழுதுவோர்க்கு உரிய விடயம் ஒன்றும் உண்டு. எந்தெந்த மொழிக் கடிதங்களை ஏற்கலாமெனக் குறிப்பதற்கு இம்மென்பொருளில் விருப்ப ஏற்பாடொன்று இருக்கிறது; அதன் பட்டியலிலே தமிழும் உளது. ஆங்கிலம் ஒன்றையே குறித்துவிட்டால், பாட்டியார் பேரனுக்கு எழுதும் தமிழ்க் கடிதமும் 'வேண்டாத மொழி' என்று புள்ளி பெறும். கற்பிக்கும் நல்ல கடிதங்களிலும் தமிழ்க் கடிதங்கள் சேர்தல் அவசியம்.

தள்ளிய கடிதத்தை என்ன செய்வது என்பதிலேதான் அமைப்பவரின் பொறுப்பு வெளிப்படுகிறது. கடிதம் வாசலில் நிற்கும்போதே மறுத்தால், அனுப்பிய சேவையகம் தன் ஆளுக்குச் செய்தி சொல்லும். அவர் வேறு வழியில் முயல்வார். ஏற்றுக்கொண்டு பின்னர் திருப்பியனுப்பினால், குப்பையிலுள்ள முகவரி கள்ள முகவரியாதலின், யாரோ ஓர் அப்பாவியின் பெட்டி நிரம்பும். ஏற்றுக்கொண்டு ஓசையின்றி அழிப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. அனுப்பியவரும் அறியார், பெறவேண்டியவரும் அறியார். எம்மைக் கேட்டால், ஐந்தைத் தாண்டியவற்றைக் குப்பைக் கோப்பில் இட்டு உரியவர் பார்க்க விடலாம். பதினைந்தையும் தாண்டியவற்றையே வாசலில் மறுக்கலாம். அனுமதிக் கடிதத்துக்குக் காத்திருக்கும் மாணவர்கள் அக்கோப்பையும் நாடோறும் ஒருமுறை பார்த்தல் நன்று.

கடிதம் கிடைக்கவில்லையென்று முறையிடுவதற்கும் ஓர் இடம் வேண்டுமல்லவா? அஞ்சல் ஏற்கும் ஒவ்வொரு தளமும் 'போஸ்ற்மாஸ்ரர்' என்னும் முகவரியை வைத்திருத்தல் வேண்டுமென்பது 1982ஆம் ஆண்டின் நியமத்திலேயே கூறப்பட்டுள்ளது. ஆனால் முறைப்பாடு எழுதுபவர் தடுக்கப்பட்ட கடிதத்தையும் அதனுள் இணைத்தே அனுப்புவார். வடிகட்டி அதனைக் கண்டு முறைப்பாட்டையும் சேர்த்துத் தடுத்துவிடும். ஆகையால் அந்த ஒரு முகவரிக்கு வரும் அஞ்சலை மாத்திரம் சோதனையின்றி உள்ளே விடும்படி சேவையகத்தை அமைத்தல் வேண்டும்.