நகல் கொடுக்குமுன் ஒரு சொல்



சென்ற மாதம் ஒரு மாலை, சங்க அலுவலகத்துக்கு ஓர் இளைஞர் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை; தாராவியில் தோல் பட்டறையில் வேலை. இரண்டு மாதச் சம்பளம் வங்கியில் கிடக்கிறது, ஒரு ரூபாய்கூட எடுக்க முடியவில்லை என்றார். கணக்கை முடக்கிவிட்டார்களாம். வடக்கே ஏதோ ஒரு மாநிலத்துப் போலீசு விளக்கம் கேட்டுத் தாள் அனுப்பியிருக்கிறது. இந்தியில் இருந்த அந்தத் தாளை ஒருவரைக் கொண்டு படிக்கச் சொல்லிக் கேட்டோம். கேட்டதும் எங்களுக்கே வியர்த்துவிட்டது.

நடந்தது இதுதான். பழகிய ஆள் ஒருவன் தேநீர்க் கடையில் வைத்துச் சொல்லியிருக்கிறான்: "உன் பெயரில் புதிதாக ஒரு கணக்குத் திற. பாஸ்புக்கையும் ஏ.டி.எம். அட்டையையும், கூடவே ஒரு சிம்மையும் என்னிடம் கொடு. கையில் 3,000 ரூபாய் தருகிறேன். வியாபாரத்துக்குத்தான், பயப்படாதே." தம்பி கொடுத்துவிட்டார். எங்கோ யாரிடமோ ஏமாற்றிப் பறித்த பணம் அந்தக் கணக்கில் விழுந்து, விழுந்த வேகத்தில் வெளியேறியும் விட்டது. ஆள் மறைந்துவிட்டான். ஏட்டில் நிற்பது தம்பியின் பெயரும் படமும் மட்டும்தான். அந்தப் பெயரில் இருந்த சம்பளக் கணக்கும் சேர்ந்து முடங்கியது. "நான் யாரையும் ஏமாற்றவில்லையே அண்ணே" என்று அழுதார். உண்மைதான். ஆனால் கணக்கை வாடகைக்கு விட்டவன் குற்றத்துக்குத் துணை போனவனாகத்தான் சட்டத்தின் கண்ணில் படுகிறான்.

நம்மவர் ஏன் இவ்வளவு எளிதில் தாளையும் அட்டையையும் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள்? படிப்பில்லாததால் என்று சொல்லும் கனவான்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். நம் கதை வேறு. இந்த மும்பையில் நம்மைக் காப்பாற்றியதே தாள்தான். 1976-இல் குடிசைகளைக் கணக்கெடுத்துப் படம் ஒட்டிய 'போட்டோ பாஸ்' கொடுத்தார்கள். அதைத் தகரப் பெட்டியில் நகையோடு வைத்துப் பூட்டினாள் நம் தாய். பிறகு 1995 ஜனவரி 1-க்கு முன்பே குடியிருந்ததற்குச் சான்று காட்டு என்றார்கள். அடுத்து அந்தத் தேதி 2000 ஜனவரி 1 ஆயிற்று. 2024-இல் தாராவியில் வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்தபோதும் முதல் கேள்வி, தாள் எங்கே என்பதுதான். தாள் இல்லாதவனுக்குக் கூரை இல்லை என்று அரை நூற்றாண்டாகப் பழக்கப்படுத்தப்பட்டவர்கள் நாம். யார் கேட்டாலும் நகல் எடுத்து நீட்டுவது நமக்கு அனிச்சைச் செயலாகிவிட்டது. சால் வீட்டுக்காரர், வேலைக்கு எடுக்கும் முகவர், தவணைக் கடை, சீட்டுப் பிடிப்பவர் என்று எத்தனை கைகளில் நம் ஆதார் நகல் கிடக்கிறது? ஜெராக்ஸ் கடைக் குப்பைக் கூடையில் எத்தனை கிடக்கிறது?

அந்தக் காலத்து ரேஷன் அட்டை நகலை வைத்து ஒருவன் பெரிதாக எதையும் சாதித்துவிட முடியாது. இன்றைய நகலின் கதை அப்படியல்ல. அதைக் காட்டி, நேர்மையில்லாத கடைக்காரன் துணையோடு உங்கள் பெயரில் சிம் வாங்கலாம், கடன் கேட்கலாம்.

அரசுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகமே ஓர் அறிவிப்பு வெளியிட்டது: ஆதார் நகலை எந்த நிறுவனத்துக்கும் கொடுக்காதீர்கள், தவறாகப் பயன்படுத்தக்கூடும், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று. நாடே பரபரத்தது. மே 29-இல் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மக்கள் தவறாகப் பொருள் கொண்டுவிடுவார்களாம்! வழக்கமான கவனத்தோடு இருந்தால் போதுமாம். அட்டையைத் தந்தவர்கள் அதைப் பத்திரமாக வைக்கும் வழியைச் சொல்லிவிட்டு, இரண்டே நாளில் வாயை மூடிக்கொண்டதை என்னவென்று சொல்வது?

திரும்பப் பெற்றது அறிவிப்பைத்தான்; மறைத்த ஆதார் இன்றும் இருக்கிறது. ஆணையத்தின் இணையதளத்தில் இறக்கிக்கொள்ளலாம். நகல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், அதன் குறுக்கே பேனாவால் எழுதுங்கள்: 'இன்ன வீட்டு வாடகைக்கு மட்டும்', கீழே தேதி, கையெழுத்து. எழுத்து படத்தின்மேலும் எண்ணின்மேலும் ஓட வேண்டும். வாங்குபவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். வாக்காளர் அட்டை போதுமா என்று முதலில் கேட்டுப் பார்ப்பதிலும் தவறில்லை.

உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று 'சஞ்சார் சாத்தி' என்னும் அரசு இணையதளத்தில் பார்க்கலாம். எங்கள் அலுவலகத்தில் ஒரு சகோதரிக்குப் பார்த்தோம். அவர் கையில் இருப்பது ஒன்று. பெயரில் இருந்தவை நான்கு. மற்ற மூன்றும் தன்னுடையவை அல்ல என்று அங்கேயே புகார் பதிந்தோம்.

இனி ஊரில் இருக்கும் பெற்றோர். இதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். நாம் அனுப்பும் பணமும் முதியோர் உதவித்தொகையும் அவர்கள் கணக்கில் விழுகின்றன. வங்கி முகவர் சிறு இயந்திரத்தோடு தெருவுக்கு வருகிறார். ஆதார் எண்ணும் கைநாட்டும் போதும். அட்டையும் வேண்டாம், ஓ.டி.பி.யும் வேண்டாம். வசதிதான். முகவர்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள். ஆனால், "ரேகை பதியவில்லை பாட்டி, இன்னொரு தடவை வை" என்று சொல்லி இரண்டு தடவை பணம் எடுத்தவர்களும் உண்டு. பத்திரப் பதிவுத் தாளில் வைத்த ரேகையைப் படியெடுத்துப் போலி விரல் செய்து பணம் உருவியவர்களும் பல மாநிலங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கைநாட்டுக்கும் ரசீது கேட்டு வாங்கும்படி அம்மாவிடம் சொல்லுங்கள். பணம் வரவில்லை என்றாலும் 'நடக்கவில்லை' என்று அச்சடித்த சீட்டு வர வேண்டும். உங்கள் கைரேகையை நீங்களே பூட்டி வைக்கலாம், வேண்டும்போது திறக்கலாம். ஆதார் ஆணையத்தின் செயலியிலும் தளத்திலும் அந்த வசதி உண்டு, கட்டணம் இல்லை. கைபேசி எண் ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். கைநாட்டு வைத்துப் பணமோ ரேஷனோ வாங்காத நம் இளைஞர்கள் இன்றைக்கே பூட்டிவிடலாம்.

தொலைபேசி மிரட்டல் தனி ரகம். காக்கிச் சட்டையோடு திரையில் ஒருவன் தோன்றி, உன் ஆதாரில் போதைப்பொருள் பார்சல் போயிருக்கிறது, அறையை விட்டு நகராதே, 'டிஜிட்டல் கைது' என்று இந்தியில் அதட்டுவான். அயல் மாநிலத்தில் காக்கியைக் கண்டும் அதன் மொழியைக் கேட்டும் நடுங்கிப் பழகிய நம்மை இந்த அதட்டல் எளிதில் சாய்க்கும். அப்படி ஒரு கைது இந்த நாட்டின் எந்தச் சட்டத்திலும் இல்லை. இணைப்பைத் துண்டியுங்கள். இட்லிக் கடை, இஸ்திரிக் கடை வைத்திருப்போருக்கும் ஒன்று: பணம் உங்களுக்கு வர வேண்டுமானால் பின் எண் தட்ட வேண்டியதே இல்லை. தட்டச் சொன்னால் பணம் போகிறது என்று பொருள்.

எல்லாம் மீறிப் பணம் போய்விட்டால்? அழுவது பிறகு, உடனே 1930-ஐ அழையுங்கள். பணம் கைமாறிக்கொண்டிருக்கும்போதே சொன்னால் வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. வங்கிக்கும் எழுத்தில் கொடுத்து, பெற்றதற்கு முத்திரை வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-இல் வகுத்த விதி நமக்குத் துணை: வாடிக்கையாளர் பேரிலும் வங்கி பேரிலும் தவறு இல்லாமல் வெளியாள் திருடியிருந்தால், வங்கியிலிருந்து தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தவருக்கு நட்டம் கிடையாது. தவறு உங்களுடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கியைத்தான் சேரும். கிளையில் உங்களை நிற்க வைத்தே அனுப்பப் பார்த்தால் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் அதே விதியில் ஓர் ஓட்டை. ஓ.டி.பி.யை நீங்களே சொல்லியிருந்தால் அது உங்கள் அலட்சியம். புகார் கொடுக்கும்வரை போனதெல்லாம் உங்கள் தலையில். மிரட்டி வாங்கினாலும் அலட்சியம்தானா? புரியாத மொழியில் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு, ஏன் படிக்கவில்லை என்று கேட்பது என்ன நியாயம்? தனி வாழ்வின் மறைவு அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அந்த உரிமை கூலிக்காரனின் கைநாட்டுக்கும் உண்டு. எச்சரிக்கைச் செய்திகளை வாடிக்கையாளரின் தாய்மொழியில் அனுப்பு என்று வங்கிகளைக் கேட்பது சங்கங்களின் வேலை. நாமும் கேட்காமல் இருந்துவிட்டோம்; அந்தக் குறை நம்முடையதும்தான்.

தம்பிக்கு மனு எழுதிக் கொடுத்தோம். முடக்கச் சொன்ன காவல் நிலையத்துக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று. சம்பளச் சீட்டுகளும் இணைத்தோம். கணக்கைக் கொடுத்ததை மறைக்காமல் எழுதச் சொன்னோம், கொடுத்த ஆளின் எண்ணையும் சேர்த்து. பதில் இன்னும் வரவில்லை. இந்த மாதம் ஊருக்கு அவரால் பணம் அனுப்ப முடியவில்லை. பட்டறைத் தோழர்கள் ஆளுக்கு 200 ரூபாய் போட்டு வாடகையைக் கட்டியிருக்கிறார்கள்.