‘சான்’ போட்டால் போதுமா?



கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளின் பதிவுகளைத் தவறாமல் பார்க்கிறேன். படங்கள் அழகு. கீழே ஆங்கிலத்தில் எழுதுகிற ஊர்ப்பெயர்கள்தான் வயிற்றெரிச்சல். ஒருவர் ‘செயின்ட் டியேகோ’ என்கிறார். இன்னொருவர் ‘சான் பார்பரா’ என்கிறார். கேட்டால், “புரிஞ்சா போதாதா சார்?” என்று பதில் வருகிறது.

போதாது. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் இலக்கணம். ஸ்பானிய மொழியில் ஆண் புனிதருக்கு முன்னால் ‘சான்’, பெண் புனிதருக்கு முன்னால் ‘சான்டா’. பிரான்சிஸ்கோ, ஆன்டோனியோ, மாத்தேயோ ஆண்கள். பார்பரா, மோனிகா, கிளாரா பெண்கள். டொமிங்கோ, தோமாஸ் போன்ற சில ஆண் பெயர்களுக்கு மட்டும் ‘சான்டோ’ வரும். டொமினிக்கன் குடியரசின் தலைநகரம் சான்டோ டொமிங்கோ ஆனது அப்படித்தான்.

சான்டா என்றதும் கிறிஸ்துமஸ் தாத்தாவை நினைக்காதீர்கள். அவர் டச்சுக்காரர்களின் ‘சின்டர்கிளாஸ்’ வழியாக வந்தவர், அவருக்கு இங்கே வேலை இல்லை. எல்லாச் சான்டாவும் ஓர் அம்மையாரும் அல்ல. சான்டா குரூஸ் என்றால் திருச்சிலுவை. சான்டா ஃபே என்றால் புனித விசுவாசம். சிலியின் தலைநகரமான சான்டியாகோவில் புனிதர் பட்டம் பெயருக்குள்ளேயே கரைந்திருக்கிறது. அதற்கு முன்னால் இன்னொரு ‘சான்’ போட்டால், நம் ஊர் ‘நடு சென்டர்’ கதைதான்.

“ஆங்கிலத்தில்தானே எழுதுகிறோம், செயின்ட் என்றால் என்ன?” என்று கேட்கிறவர்களுக்கு ஓர் உதாரணம். மிசௌரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் இருக்கிறது. அது பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயியின் பெயர். கலிஃபோர்னியாவில் சான் லூயிஸ் ஒபிஸ்போ இருக்கிறது. ‘ஒபிஸ்போ’ என்றால் ஆயர். அவர் அந்த மன்னருடைய தம்பியின் கொள்ளுப்பேரன் முறையில் வருகிற வேறொருவரோ என்று குழம்ப வேண்டாம். தம்பியின் பேரனுக்குப் பிறந்த பிள்ளையல்ல, தம்பி மகனின் மகன். ‘சான்’ என்பதைச் ‘செயின்ட்’ என்று மாற்றினால் ஆளும் மாறிவிடுகிறார், ஊரும் மாறிவிடுகிறது.

இப்போது முக்கியமான விஷயம். இந்தப் பெயர்கள் நாட்குறிப்பு மாதிரி. 1542-இல் கப்ரியோ வந்து இறங்கிய துறைமுகத்துக்கு, மறுநாள் மிக்கேல் திருநாள் என்பதால், சான் மிகேல் என்று பெயரிட்டார். 1602-இல் விஸ்காயினோ வந்து அதையே சான் டியேகோ ஆக்கினார். அதே பயணத்தில், டிசம்பர் 4 பார்பராவின் திருநாளை ஒட்டி, சான்டா பார்பரா வந்தது. டெக்சஸில் 1691 ஜூன் 13, அந்தோணியார் திருநாள். அன்று ஸ்பானியர்கள் போய்ச் சேர்ந்த இடம் சான் ஆன்டோனியோ. யார் வந்தார்கள், எந்த நாளில் வந்தார்கள், எந்த மதத்தோடு வந்தார்கள் என்பதெல்லாம் பெயரிலேயே இருக்கிறது.

“அது ஆக்கிரமித்தவன் வைத்த பெயர், அதற்கு என்ன மரியாதை?” என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்விதான். சான் டியேகோ பக்கம் குமேயாய் மக்களும், சான் பிரான்சிஸ்கோ பக்கம் ஓலோனி மக்களும் அதற்கு முன்பே வாழ்ந்தார்கள். மிஷன்களில் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் பெயரைச் சிதைத்தால் அவர்களுக்கு நியாயம் கிடைத்துவிடுமா? வந்தவன் யார் என்ற தடயம்தான் அழியும். குற்றம் சொல்வதற்கும் பெயர் முழுசாக இருக்க வேண்டும்.

இதற்காக ஸ்பானியர்களைப் போலவே உச்சரிக்கச் சொல்லவில்லை. லாஸ் ஏஞ்சலீஸ் துறைமுகத்தை ஒட்டிய சான் பெட்ரோவை உள்ளூர்க்காரர்களே ‘பீட்ரோ’ என்கிறார்கள். அங்கே அதுதான் சரி. சான் ஹோசேயை யாரும் ‘ஜோஸ்’ என்பதில்லை, ஆகவே நீங்களும் சொல்லாதீர்கள். சான் பிரான்சிஸ்கோவை ‘ஃபிரிஸ்கோ’ என்றால் அந்த ஊர்க்காரர்கள் பலருக்குப் பிடிக்காது. அப்படிக் கூப்பிடாதே என்ற தலைப்பிலேயே ஹெர்ப் கேன் 1953-இல் ஒரு புத்தகம் போட்டார். அந்த ஊரில் வாழ்கிறவர்கள் எப்படிச் சொல்கிறார்கள், எப்படி எழுதுகிறார்கள் என்பதே அளவுகோல்.

தூத்துக்குடியை ‘டூட்டிகோரின்’ என்று எழுதினால் நமக்கு எவ்வளவு கோபம் வருகிறது! சென்னைச் சாந்தோமிலும் போர்த்துக்கீசியர் விட்டுப்போன ஒரு புனிதர் தோமா இருக்கிறார். நம் ஊர்ப்பெயருக்கு நாம் கேட்கிற மரியாதையை, நமக்குச் சோறு போடுகிற ஊரின் பெயருக்கும் கொடுப்போம்.

வீட்டுப்பாடம் ஒன்று. நீங்கள் இருக்கும் ஊரின் பெயர் யாருடையது, யார் வைத்தார்கள், அதற்கு முன் அங்கே யார் இருந்தார்கள் என்று மூன்று வரி எழுதி, கீழே கருத்துப் பகுதியில் போடுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் வழக்கம்போல மதிப்பெண் குறைப்பேன்.